பேய்க்கு என்ன வேணும்?

அம்மம்மாவிடம் யாராவது வந்து பேயைக் கண்டேன் என்று சொன்னால் அவர் பயப்பட மாட்டார். "அதுக்கு என்ன வேணுமாம்?" என்றுதான் கேட்பார். விடாய்த்துச் செத்தது தண்ணீர் கேட்கும், பிள்ளையை விட்டுச் செத்தது பிள்ளையைத் தேடும், படையலை மறந்த வீட்டில் முனி கோபித்துக்கொண்டு நிற்கும். காரணம் தெரிந்தால் கழிப்பும் தெரியும். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வளவின் பின்பக்கம் பனைகளுக்கு நடுவே ஒரு பாழ் கிணறு இருந்தது. பொழுது பட்ட பிறகு அதற்குப் பக்கத்தால் போக வேண்டி வந்தால் என்ன சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்.

அதே வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் ஆர்பிஜி, அதாவது ரோல் பிளேயிங் கேம், ஆடத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. ஆர்பிஜி என்றதும் கணினி விளையாட்டை நினைக்க வேண்டாம். இது மேசையைச் சுற்றி இருந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். "நான் அறைக் கதவைத் திறக்கிறன்" என்று ஒருவர் சொன்னால் கதவு திறக்கும். திறக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை உருட்டிப் பார்ப்போம். பாதி கூத்து, பாதி தாயம் என்று மச்சாளுக்கு விளக்கினேன், அவள் உடனே பிடித்துக்கொண்டாள். கதை நடத்துகிற வேலை என்னுடையது. ஆடுபவர்கள் தம்பி, மச்சாள், கம்பஸில் படிக்கிற இரண்டு பெடியள், பக்கத்து வீட்டு நேர்ஸ் அக்கா.

டிராகனும் கோட்டையுமாக இரண்டு கிழமை ஆடிப் பார்த்தோம், யாருக்கும் ஒட்டவில்லை. பேய்க்கதை என்றதும் எல்லோரும் கதிரையை முன்னுக்கு இழுத்தார்கள். அதற்குப் பிறகு அமானுஷ்ய உலகத்தை வைத்து வந்த புத்தகங்களாகவே தேடி வாசித்தேன். சில ரொறன்ரோவில் இருந்து சித்தப்பா வரும்போது கொண்டுவந்தவை, மற்றவை பிடிஎஃப் வாங்கிப் பிரிண்ட் எடுத்தவை. எல்லாவற்றையும் அம்மம்மாவின் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். பேய்க்கு என்ன வேணும் என்று புத்தகம் யோசித்திருக்கிறதா? அதை ஆடுபவர்கள் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கிறதா? கண்டுபிடித்த பிறகு, அடித்துக் கொல்வதைத் தவிர வேறு ஏதாவது செய்ய விடுகிறதா?

பிரிண்ட் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். இந்தப் புத்தகங்களில் அட்டவணைகள் பக்க ஓரம் வரைக்கும் வரும். ஒரு கடையில் பைண்டிங்குக்காக ஓரத்தை வெட்டியதில் எனக்கு ஒரு நிரல் இலக்கம் முழுவதும் போய்விட்டது. கொடுக்கும்போதே உள் ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டு, பக்கத்தைச் சுருக்கி அடிக்கச் சொல்லுங்கள். படங்கள் உள்ள பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மை ஊறித் தாள் சுருங்கும். அவற்றை விட்டுவிட்டு விதிகளை மட்டும் எடுத்தால் போதும்.

அமானுஷ்ய ஆட்டங்களுக்கு மூத்த பிள்ளை கோல் ஒஃப் கதுலு. சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயோசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்டது. இப்போது கையில் கிடைப்பது ஏழாம் பதிப்பு. 1920களின் அமெரிக்காவில் சாதாரண ஆட்கள், ஒரு பத்திரிகைக்காரர், ஒரு பேராசிரியர், ஒரு வைத்தியர், மனித அறிவுக்கு எட்டாத ஏதோ ஒன்றின் அடிச்சுவட்டைத் தேடிப் போவார்கள். விதி இலகுவானது. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு வீதம் இருக்கும், இரண்டு பத்துமுகப் பகடையை உருட்டி அந்த இலக்கத்துக்குள் விழுந்தால் வெற்றி. தோற்றால் இன்னொரு தரம் முயலலாம், ஆனால் அதுவும் தோற்றால் நடப்பது மோசமாக இருக்கும் என்று முதலே ஒத்துக்கொள்ள வேண்டும். "புஷ் பண்ணுறன்" என்று தம்பி சொல்லும்போது மேசையில் மூச்சு நிற்கும்.

நான் ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை செய்கிறேன். ஆகவே இந்தப் புத்தகத்தில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது பூதங்களின் பட்டியல் இல்லை, திறன்களின் பட்டியல். அதில் நூலகத்தைப் பயன்படுத்துதல் என்று ஒரு திறன் இருக்கிறது. எல்லாப் பாத்திரத்துக்கும் அது 20 வீதத்தில் தொடங்கும். சுட்டுத் தப்ப முடியாத கதைகளில் ஆளைக் காப்பாற்றுவது பழைய பத்திரிகைக் கட்டும் காணி உறுதியும் யாரோ எழுதிவைத்த நாட்குறிப்பும்தான். வாசிக்கத் தெரிந்தவன் பிழைப்பான் என்று ஒரு விளையாட்டு விதி எழுதி வைத்திருப்பதை நான் வேறு எங்கும் அதுவரை கண்டதில்லை.

கேயோசியம் இலவசமாகத் தரும் குயிக் ஸ்டார்ட் விதிப்புத்தகத்தில் த ஹோன்டிங் என்று ஒரு கதை இருக்கிறது. பொஸ்டன் நகரத்தில் வாடகைக்கு விட முடியாமல் கிடக்கும் ஒரு வீடு, அதற்குள் முன்பு இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். அதை வண்ணார்பண்ணைக்கு எடுத்துவந்தேன். வருடம் 1981, மாதம் ஆடி. விளையாட்டு பிறந்த வருடம் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் இந்த ஊரில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கம்பஸ் பெடியன் ஒருவன் தமிழ் ஆசிரியர் பாத்திரம் எடுத்திருந்தான். நூலகத் திறன் 55. "பொது நூலகத்துக்குப் போய் பழைய பேப்பர் பாக்கிறன்" என்று சொல்லிப் பகடையை உருட்டினான். 14. நல்ல வெற்றி. நான் சொன்னேன்: "நீர் சைக்கிளை வெளியில நிப்பாட்டுறீர். மே 31ஆம் தேதி இரவு மூட்டின நெருப்பு. ஒண்டரை மாதமாகுது, இன்னும் மணம் போகேல்லை. உள்ளுக்குச் சாம்பல்." அவன் பகடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப பேப்பர் கந்தோர், அக்கா?" என்றான். ஈழநாடு கந்தோரையும் அதே நாட்களில் எரித்துவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தது 97,000 நூல்கள் என்று நாங்கள் வருடா வருடம் சொல்லுகிறோம். ஓலைச்சுவடி என்று சொல்லுகிறோம். அன்றைக்கு அந்த மேசையில், தேடிப் போன ஒரு விடயம் இனி ஒருபோதும் கிடைக்காது என்பது எப்படி இருக்கும் என்று அவன் முகத்தில் பார்த்தேன். 2000க்குப் பிறகு பிறந்தவன். நேர்ஸ் அக்கா மெதுவாகச் சொன்னார், தனக்கு அப்போது ஆறு வயது, எரிந்த தாள் ஒன்று காற்றில் வந்து கிணற்றடியில் விழுந்ததைத் தகப்பன் எடுத்து மடித்து வைத்தாராம். பகடையில் வென்றால் விடயம் கிடைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அந்தக் கதையில் நான் அவர்களை ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் அனுப்பினேன். நூலகத்தில் இருந்து தனக்குத் தேவையானதைக் கொப்பியில் கையால் பார்த்து எழுதி வைத்திருந்தவர். வீட்டின் கதை அந்தக் கொப்பியில் இருந்தது. ஒரு விதி இவ்வளவு தூரம் தாங்கும் என்றால் அது நல்ல விதி.

ஆனால் அம்மம்மாவின் கேள்விக்கு இந்தப் புத்தகம் தரும் பதில் வேறு. புத்தகத்தின் பெயரில் உள்ள பூதமான கதுலுவுக்கு உங்களிடம் ஒன்றும் வேண்டாம். நீங்கள் இருப்பதே அதற்குத் தெரியாது. அந்த அலட்சியம்தான் பயம். அதன் பலத்தை நான் மறுக்கவில்லை, வாசிக்கும்போது உடம்பு குளிர்ந்தது. இருந்தாலும் எங்கள் மேசையில் அது நீண்ட நாள் நிற்கவில்லை. எங்கள் பேய்கள் எல்லாம் உறவுக்காரர். இன்னொன்று, மூலக்கதைகளை எழுதிய லவ்கிராஃப்டுக்கு வெள்ளையர் அல்லாதவர் மீது இருந்த அருவருப்பு அவருடைய கதைகளில் வெளிப்படையாகத் தெரியும். மண்ணிற ஆட்களும் கப்பலோட்டிகளும் அங்கே பூதங்களின் பூசாரிகளாகத்தான் வருவார்கள். நடத்துபவர் அதைத் தெரிந்துகொண்டு எதை எடுப்பது எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

மனத்திடம் பற்றிய விதி இந்த விளையாட்டின் அடையாளம். பயங்கரத்தைக் கண்டால் இலக்கம் இறங்கும், ஒரே அடியில் ஐந்தோ அதற்கு மேலோ இறங்கினால் தற்காலிகமாகப் புத்தி தடுமாறலாம். என்ன பயம் பிடிக்கிறது என்று பார்க்க ஒரு பட்டியலும் உண்டு. நேர்ஸ் அக்கா மனநல விடுதியில் வேலை செய்தவர். அந்தப் பட்டியலை வாசித்துவிட்டு, "இதைப் பகடையால எடுக்க வேண்டாம் பிள்ளை" என்றார். போருக்குப் பிறகு பேச்சை நிறுத்திய ஆட்களைப் பார்த்தவர் சொல்லும்போது கேட்கத்தான் வேண்டும். இப்போது இலக்கத்தை மட்டும் வைத்திருக்கிறோம், அதன் விளைவு என்ன என்பதை அந்தப் பாத்திரத்தை ஆடுபவரே சொல்வார். ஆட்டம் அதனால் கெடவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள், கதை நடத்துபவருக்கான தடித்த கீப்பர் புத்தகத்தை வாங்க வேண்டாம். 2018இல் வந்த ஸ்டார்டர் செற் போதும். பகடைகள் அதற்குள்ளேயே வருகின்றன. யாழ்ப்பாணத்துக் கடைகளில் பத்துமுகப் பகடை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. தனியாக இருந்து ஆடக்கூடிய ஒரு கதையும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. கறண்ட் இல்லாத ஒரு இரவு நான் அதைத் தனியே ஆடி முடித்தேன்.

மொன்ஸ்டர் ஒஃப் த வீக் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மைக்கல் சான்ட்ஸ் எழுதியது, 2015இல் ஈவில் ஹற் வெளியிட்ட திருத்திய பதிப்புத்தான் என்னிடம் உள்ளது. இரண்டு ஆறுமுகப் பகடை, அதாவது லூடோப் பெட்டியில் இருப்பதே போதும். பத்தும் அதற்கு மேலும் என்றால் நினைத்தது நடக்கும், ஏழு முதல் ஒன்பது என்றால் நடக்கும் ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும், ஆறும் கீழும் என்றால் தோல்வி. தோல்விக்கு அனுபவப் புள்ளி கிடைப்பது அழகான யோசனை, தோற்ற பிள்ளை சிணுங்குவதில்லை. ஆட்டத்தை அன்றைக்கே தொடங்கலாம். முதல் தடவை ஆடுபவர்களுக்கு இதை விட இலகுவான புத்தகம் என்னிடம் இல்லை.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. பெயரே சொல்வது போல, கிழமைக்கு ஒரு பூதம், அதன் பலவீனத்தைக் கண்டுபிடித்து அழிக்க வேண்டும். பூதத்துக்கு ஒரு நோக்கம் எழுதச் சொல்கிறது, அதனால் அம்மம்மாவின் கேள்வியில் பாதியைப் புத்தகமும் கேட்கிறது. ஆனால் பட்டியலில் உள்ள நோக்கங்கள் தின்பது, அழிப்பது, ஏமாற்றுவது, வதைப்பது என்றே போகின்றன. நான் பாழ் கிணற்று முனியை வைத்து ஒரு கதை செய்தேன். கிணற்றை மூடி மேலே கடை கட்டப் போகிறார்கள், வேலையாட்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். மூன்று மணித்தியாலம் ஆடி முனியின் பலவீனத்தைக் கண்டுபிடித்த பிறகு ஐந்து பேரும் அதைக் கொல்ல மாட்டோம் என்றார்கள். "காவல் நிக்கிறதை ஏன் கொல்லுவான்?" என்றாள் மச்சாள். கற்பூரம் கொளுத்தி, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல்லும் வைத்து, முதலாளியைக் கடையை நாலடி தள்ளிக் கட்ட வைத்தார்கள். விதிகளில் அதற்கு இடம் இல்லை, நான்தான் அந்த இடத்தில் கண்டபடி சமாளித்தேன்.

அதற்கு இடம் உள்ள புத்தகத்தைச் சித்தப்பா அடுத்த முறை கொண்டுவந்தார். வேசன். சுவீடன் நாட்டு ஃப்ரீ லீக் நிறுவனம் 2020இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது, நில்ஸ் ஹின்ட்சே எழுதியது. யோகான் எகர்க்ரான்ஸ் என்ற ஓவியர் வடநாட்டு நாட்டார் கதைகளில் வரும் உருக்களை வரைந்து 2013இல் ஒரு புத்தகம் போட்டார், இந்த ஆட்டம் அந்த ஓவியங்களில் இருந்து வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு. காடுகளை வெட்டி ரயில் பாதையும் தொழிற்சாலையும் வருகின்றன. மனிதரோடு பக்கத்துப் பக்கத்தில் இருந்து வந்த கண்ணுக்குத் தெரியாதவை கோபப்படத் தொடங்குகின்றன. அவற்றைக் காணும் கண் வாய்த்த சிலர் உப்சாலா நகரத்தில் ஒரு பழைய மாளிகையில் கூடுகிறார்கள். புத்தகம் அவர்களை வியாழக்கிழமைப் பிள்ளைகள் என்கிறது. அமாவாசையில் பிறந்த பிள்ளைக்கு வேறு கண் என்று நாங்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை.

இந்தப் புத்தகம் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்றால், ஒவ்வொரு உருவுக்கும் ஒரு கழிப்பு எழுதியிருக்கிறது. வாளும் துப்பாக்கியும் அனேகமாக உதவாது. அது ஏன் வந்தது, யார் வாக்கை மீறினார்கள், எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஊருக்குள் கதைத்துத்தான் அறிய வேண்டும். மூலைக்கு மூலை ஒரு கிழவியிடம் போய் இருக்க வேண்டும், தேத்தண்ணி குடிக்க வேண்டும், அவர் கதையைச் சுற்றி வளைத்துச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். ஆடும்போது எனக்கு அம்மம்மாவின் அடுப்படி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

வடநாட்டுக் கதைகளில் மிலிங் என்று ஒன்று வரும். பெயர் வைக்காமல், ஞானஸ்நானம் கொடுக்காமல், ஒளித்துக் கொன்று புதைத்த குழந்தையின் ஆவி. இருட்டில் போகிறவர்களின் முதுகில் ஏறிக்கொண்டு, தன்னைச் சுத்தமான நிலத்தில் அடக்கம் செய்யச் சொல்லும். அதை மாற்றாமல் அப்படியே ஆடினோம், இடத்தைக்கூட மாற்றவில்லை, சுவீடன் பனியில்தான் கதை. குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று அந்த ஐந்து பேரும் கால் மணித்தியாலம் கதைத்தார்கள். எங்களிடம் கொத்தி என்ற பேய் இருக்கிறது, பிள்ளைப்பெற்ற வீட்டைச் சுற்றி நிற்கும் என்று வேப்பிலையும் இரும்பும் வைப்பார்கள். தம்பி பிறந்தபோது அம்மாவின் தலைமாட்டில் பாக்குவெட்டி இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவீடனிலும் பிறந்த பிள்ளையின் தொட்டிலில் ஞானஸ்நானம் வரைக்கும் இரும்பு வைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. இங்கே பாக்குவெட்டி வைத்த பெண்ணும் அங்கே தொட்டிலில் இரும்பு வைத்த பெண்ணும் ஒருவரை ஒருவர் கண்டிருந்தால் மொழி தெரியாமலே கதைத்திருப்பார்கள்.

விதிகள் ஆறுமுகப் பகடையில்தான். கையில் உள்ள பகடைகளில் ஒன்றாவது ஆறு விழுந்தால் வெற்றி. தோற்றால் மறுபடி உருட்டலாம், ஆனால் களைப்பு, கோபம், பயம், நம்பிக்கையிழப்பு என்று ஏதாவது ஒரு நிலையை உடம்பிலோ மனதிலோ ஏற்க வேண்டும். இலக்கம் இறங்குவதை விட இது நேர்ஸ் அக்காவுக்குப் பிடித்திருந்தது, கோபத்தில் இருக்கிறேன் என்று சொல்லி ஆடலாம், ஆறினால் போய்விடும். குறை என்று சொன்னால், புத்தகத்தோடு வரும் கதைகளில் நடத்துபவர் முதலே வாசித்து ஆயத்தம் செய்ய வேண்டியது நிறைய. ஆட்களின் பெயர்கள் வாயில் நுழையாது. நான் பெயர்களை மட்டும் தாளில் தமிழில் எழுதி மேசைக்கு நடுவில் வைத்தேன். ஆனால் வாங்குங்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரேயொரு புத்தகம்தான் வாங்கலாம் என்றால் இதை வாங்குங்கள். முனியும் வைரவரும் அண்ணமாரும் இதற்குள் வந்து இருக்க ஒரு விதியையும் மாற்றத் தேவையில்லை.

டென் கேண்டில்ஸ் சின்னப் புத்தகம். ஸ்டீபன் டூவி எழுதி 2015இல் வந்தது. உலகம் இருண்டுவிட்டது, இருட்டுக்குள் 'அவர்கள்' வந்துவிட்டார்கள், பாத்திரங்கள் எல்லோரும் இரவு முடிவதற்குள் சாவார்கள். இது தொடங்கும்போதே எல்லோருக்கும் தெரியும். மேசையில் பத்து மெழுகுதிரி கொளுத்தி வைத்து, வேறு வெளிச்சம் இல்லாமல் ஆட வேண்டும். பகடையில் தோற்றால் ஒரு திரி அணையும், கையில் உள்ள பகடையும் ஒன்று குறையும். பாத்திரத்தின் குணங்களைத் தாளில் எழுதி, தேவைப்படும்போது அந்தத் தாளை மெழுகுதிரியில் எரித்துப் பகடையை மறுபடி உருட்டலாம். தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் கடைசிச் செய்தியைப் போனில் பதிந்து வைக்க வேண்டும். கடைசித் திரியும் அணைந்த பிறகு இருட்டில் இருந்து அதைக் கேட்க வேண்டும்.

தற்செயலாக அணைந்தாலும் அணைந்ததுதான், மறுபடி கொளுத்தக் கூடாது. இதில் எங்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. நாங்கள் முதல் தடவை ஆடியது ஆனி மாதம், சோழகம் அடிக்கிற காலம். விறாந்தையில் வைத்த பத்தில் மூன்று கதை தொடங்கும் முன்னமே போய்விட்டன. யன்னலைச் சாத்தி, ஃபானை நிறுத்தி, பெரிய அலுமினியத் தாச்சிக்குள் திரிகளை வைத்து மறுபடி தொடங்கினோம். வெக்கையில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. வாடைக் காலத்தில் ஆடுவதுதான் நல்லது, கார்த்திகை மார்கழியில் மழை இரைச்சலும் சேரும்.

பேய்க்கு என்ன வேணும் என்பதற்கு இந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. 'அவர்கள்' யார் என்றே எழுதவில்லை, அதை மேசையில் உள்ளவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் அந்தக் குறை எனக்குக் குறையாகப் படவில்லை, ஏனென்றால் இது சாகப் போகிறவர்களுக்கு என்ன வேணும் என்று கேட்கிற புத்தகம். பத்துத் திரி வெளிச்சத்தில் நேர்ஸ் அக்கா ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொன்னார். தொண்ணூறுகளில் கறண்ட் இல்லாத வருடங்கள், மண்ணெண்ணெய் கிடைக்காத வருடங்கள். போத்தலில் ஒரு சொட்டு எண்ணெயும் துணித்திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் இவர் ஏஎல் சோதனைக்குப் படித்தார். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் வெட்டியபோது கொழும்பில் எல்லோரும் திகைத்துப் போனார்கள், இங்கே அம்மாமார் விளக்கை எங்கே வைத்தோம் என்று தேடி எடுத்தார்கள். இருட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எங்களுக்கு எந்தப் புத்தகமும் தேவையில்லை. ஆனால் இருட்டில் சேர்ந்து இருந்து கதைப்பதற்கு இது நல்ல சாட்டு.

ஒரு எச்சரிக்கை. கடைசிச் செய்தியைக் கேட்கும் கட்டம் இங்கே வேறு மாதிரிக் கனக்கும். காணாமல் போனவர்களின் குரலைக் கசெற்றில் வைத்திருக்கும் வீடுகள் இந்த ஊரில் உண்டு. யாரோடு ஆடுகிறீர்கள் என்று தெரிந்து ஆடுங்கள், முதலே கேளுங்கள். ஜோன் ஸ்டாவ்ரொபோலஸ் என்பவர் எக்ஸ் கார்ட் என்று ஒரு வழி செய்து வைத்திருக்கிறார். மேசைக்கு நடுவில் ஒரு அட்டை, யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. நாங்கள் அட்டைக்குப் பதிலாக அம்மம்மாவின் பாக்குவெட்டியை வைக்கிறோம். இதுவரை இரண்டு தடவை தொட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் நிறுத்தினோம்.

வம்பயர்: த மாஸ்கரேட் பெயர் பெற்றது, 1991இல் வந்தது, ஐந்தாம் பதிப்பு 2018இல். காட்டேரிகளின் குலங்கள், நகர அரசியல், பசி. பசிக்கென்று தனிப் பகடை வைத்திருக்கும் விதி அருமையானது, வென்றாலும் பசி உங்களை மீறி வெளியே வரலாம். பேய்க்கு என்ன வேணும் என்று ஒவ்வொரு உருட்டலிலும் கேட்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்கு அடங்கிவிடும் எங்கள் நகரத்தில் காட்டேரி அரசியல் நடத்துவது கஷ்டமாக இருந்தது, நாலு கிழமையில் விட்டோம்.

இந்தப் பதிப்போடு வந்த கமரில்லா என்ற துணைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரஷ்யாவின் செச்னியாவில் தன்பாலீர்ப்பாளர்களைப் பிடித்து வதைத்தது உண்மையாக நடந்த விடயம். அந்தப் புத்தகம் அதைக் காட்டேரிகள் தங்களை மறைக்கச் செய்த திசைதிருப்பலாக எழுதியது. 2018 கார்த்திகையில் பெரிய எதிர்ப்பு வந்தது, உரிமையாளரான பாரடொக்ஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, இந்த ஆட்டத்தை வெளியிட்ட வைற் வுல்ஃப் என்ற பதிப்பகத்தைத் தனியாக இயங்க விடாமல் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இது எனக்குத் தூரத்து விடயமாகப் படவில்லை. இங்கே செம்மணி மனிதப் புதைகுழியை 2025இல் மறுபடி தோண்டினார்கள். சித்துப்பாத்தி மயானத்தில் இருந்து வந்தவற்றில் பாடசாலைப் பையும் இருந்தது. நாளைக்கு யாராவது அதை எடுத்து, புதைத்தது ஆட்கள் இல்லை, ஒரு பிசாசு என்று ஒரு விளையாட்டு எழுதினால்? செய்தவனின் கையைப் பேயின் கையாக மாற்றினால் செய்தவன் தப்பிவிடுகிறான். அமானுஷ்யத்தை வைத்து எழுதுகிற எவரும் செய்யக் கூடாத பிழை இது ஒன்றுதான் என்பேன். பேய் மனிதன் செய்த பிழையைச் சுமந்து வரலாம், சாட்சி சொல்ல வரலாம். பழியை ஏற்க வரக் கூடாது.

இதை ஒழுங்காகச் செய்த புத்தகமும் அதே பதிப்பகத்தில் இருந்தே முன்பு வந்திருக்கிறது. ரெய்த்: த ஒப்லிவியன், 1994. ஆடுபவர்களே ஆவிகள். 1997இல் அதற்குத் துணையாக யூத இனப்படுகொலையில் இறந்தவர்களைப் பற்றி சார்னல் ஹவுசஸ் ஒஃப் யூரோப் என்ற ஒரு புத்தகம் வந்தது. அந்தக் கொலைகளை மனிதர்தான் செய்தார்கள், வேறு எதுவும் செய்யவில்லை என்ற இடத்தில் அது உறுதியாக நிற்கிறது. இறந்தவர்கள் அதில் வேடிக்கைப் பொருள் ஆகவில்லை.

ரெய்த் ஆடுவது கஷ்டம். விதிகள் சிக்கல், சொற்கள் ஏராளம், பத்துமுகப் பகடைகள் கை நிறைய வேண்டும். இன்னொரு பாரமும் உண்டு. ஒவ்வொரு ஆவிக்குள்ளும் அதை அழிவுக்கு இழுக்கும் ஒரு நிழல் இருக்கிறது, அந்த நிழலைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஆட்டக்காரர் பேசுவார். தம்பியின் நிழலை மச்சாள் பேசினால் என்ன ஆகும் என்று ஒரு கிழமை யோசித்தேன். அவசரப்பட்டு யாரும் இதை வாங்க வேண்டாம், இரண்டு வருடமாவது சேர்ந்து ஆடிய ஆட்கள் வேண்டும்.

ஆனால் அம்மம்மா இருந்திருந்தால் அவர் கையில் கொடுத்திருப்பேன். ஆவியை எழுதத் தொடங்கும்போதே இரண்டு பட்டியல் எழுத வேண்டும். ஒன்று, செத்த பிறகும் விட முடியாத ஆசைகள், எந்த உணர்ச்சியால் என்றும் எழுத வேண்டும்: மகளைக் காப்பது, அன்பினால். மற்றது, உலகத்தோடு கட்டி வைத்திருக்கும் தளைகள்: ஒரு ஆள், ஒரு இடம், ஒரு பொருள். பேய்க்கு என்ன வேணும் என்ற கேள்விதான் இங்கே பாத்திரத் தாளின் முதல் பாதி.

அதோடு, ஆட்களின் மனம் ஒட்டியிருந்த பொருள் ஒன்று இந்த உலகத்தில் அழிந்தால் அது ஆவிகளின் உலகத்தில் போய் இருக்கலாம் என்கிறது இந்தப் புத்தகம். அந்த வரியை வாசித்ததும் தாளை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். அப்படியென்றால் பழைய நூலகம் அங்கே முழுசாக நிற்கும். ஓலைச்சுவடிகள் இருக்கும், ஒற்றைப் பிரதிகள் இருக்கும், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் சைக்கிள்கள் நிற்கும். யாராவது ஒருவர் மேசையில் இருந்து வாசித்துக்கொண்டிருப்பார்.

அந்த நூலகத்தில்தான் கதையை வைத்திருக்கிறேன். பாத்திரத் தாள்களைப் போன சனிக்கிழமை எழுதினோம். தமிழ் ஆசிரியராக ஆடிய பெடியன் இம்முறை நூலகராக இருக்கக் கேட்டான். நேர்ஸ் அக்கா தளை என்ற இடத்தில் நிறைய நேரம் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு, 'அப்பாவின்ரை நூலக அட்டை' என்று எழுதினார். பிறகு, அது உண்மையாகவே வீட்டில் இருக்கிறது, எரிந்த அந்தத் தாளோடு சேர்த்து ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் அம்மா வைத்திருக்கிறார், வருகிற கிழமை கொண்டுவரட்டோ என்று கேட்டார். கொண்டுவாங்கோ அக்கா என்றேன்.